பூசாத வீட்டு வாத்தியார்

பொன்முடி ரோட்டில் மண் சரிந்து வித்துரா பஸ்கள் நின்றுபோன வருஷம். என் மச்சான் மலையிலேயே மாட்டிக்கொண்டான், அது வேறு கதை. அப்போதுதான் வலியசாலையில் ஒரு வாத்தியாருக்கு வீடு கட்டினேன். ஒல்லி மனிதர், பெரிய மீசை. வந்ததும் செங்கல் சுவரில் கன்னத்தை வைத்து, "ஆகா, என்ன தணுப்பு!" என்று அந்தக் குளிர்ச்சியை ரசிப்பார். சிமெண்ட் பூசவே விடவில்லை.

மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, அவர் மனைவிக்கு அழுகை முட்டியது. "கொத்தனாரே, காசில்லாம பாதியில விட்ட வீடுன்னு நினைச்சுப் போயிருவாங்களே!"

"வேர்த்து வாறவன் பூச்சையா பாப்பான்? சும்மா இருடி," என்றார் வாத்தியார்.

பேச்சின் நடுவே கரண்ட் போனது. செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிய சுவர் வழியே காற்று அள்ளியது. மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியிலேயே குறட்டை விட்டார். விழித்ததும், "சம்பந்தி, இதைக் கட்டினது ஆரு?" என்றார்.

சம்பந்தி என்றதும் வாத்தியார் மனைவியின் முகம் மலர்ந்தது. வாத்தியார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவ்வளவு தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ! வீடு கட்டுகிற யாரையாவது பார்த்தால், அந்த வாத்தியாரைப் பற்றிச் சொல்லுங்கள்.