கார் குழியும் மேஸ்திரியின் பையும்

இருபத்தெட்டு வருடம் அரசுப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். திண்டிவனம் ரோட்டில் ஏதாவது ஒரு புளியமரத்தடியில் நின்று கையைக் காட்டுவேன். பஸ் நிற்கும். கண்டக்டரின் முகம் லேசாக மாறும். "பையத் திற" என்பேன், திறப்பார். ஓய்வு பெற்ற அன்று மாலை, சால்வை எல்லாம் போட்டு அனுப்பி வைத்தார்கள். சந்தேகப்படும் புத்தி மட்டும் என்னோடு செஞ்சியில் இருக்கும் வீட்டுக்கே வந்துவிட்டது.

பால்காரர் ஊற்றும்போது குனிந்து அளவைப் பார்ப்பேன். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பேன். "நீங்க இன்னும் பஸ்ஸ விட்டே எறங்கலைங்க" என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். நான் பார்க்காமல் விட்ட இடத்தில்தான் எப்போதும் கோளாறு நடந்திருக்கிறது, அவளுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

எனக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. க்ரீம் கலரில் ஒரு பழைய அம்பாசிடர் வைத்திருக்கிறேன். அதைத் தெருவில் நிறுத்தி, அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, மூக்கில் ஆயில் சொட்டச் சொட்ட எத்தனை வருடம் வேலை பார்த்திருப்பேன்! ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் போலவே இரண்டு மூன்று கார் பைத்தியங்கள் வந்து சேரும். அதில் ஒருவர் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த நண்பர். "வயசாவுதுய்யா, இனிமே மல்லாந்து படுக்க முடியாது. ஒரு ஷெட்டு போட்டு நடுவுல குழி எடுத்துடு. நின்னுக்கினே வேலை பாக்கலாம்" என்றார் அவர். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கே படம் வரைந்துவிட்டோம்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் இருபத்திரண்டு அடிக்குப் பதினான்கு அடி ஷெட். தகரக் கூரை, முன்னால் ஷட்டர். ஜன்னலை ஒட்டி வேலை மேஜை. அதன் மேல் சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் அதில் பெயின்ட்டால் வரைந்து, அந்தந்த உருவத்தின் மேல் அதை அதை மாட்டிவிட வேண்டும், எது காணாமல் போனாலும் சுவரே காட்டிக் கொடுக்கும். இது என் யோசனை. நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். நடுவில் குழி: பன்னிரண்டடி நீளம், நெஞ்சு உயர ஆழம், ஒரு முனையில் படி, பக்கச் சுவரில் விளக்கு வைக்க மாடம். "அகலம் மூணடிக்கு மேல போவாத. டயரு உள்ள எறங்கிடும்" என்றார்.

வேலைக்கு மேஸ்திரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டைக் கட்டியவரே இருந்தார். என் வயதுதான் இருக்கும். ஊரில் பாதி வீட்டுச் சாவி ஏதாவது ஒரு சமயம் அவர் இடுப்பில் தொங்கியிருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் நகை வைத்த பீரோவோடு வீட்டை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். படிப்பு, நிலம் என்று அவருக்கு வேறு எதுவும் கிடையாது. அந்த நல்ல பேர் ஒன்றுதான் அவருக்குச் சோறு போட்டது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

முதல் நாளே ஒரு சின்ன உரசல். "பூமியத் தொடறோம் சார். ஒரு கற்பூரம், ஒரு எலுமிச்சம்பழம், அவ்ளோதான்" என்று பொட்டலத்தைப் பிரித்தார். எனக்கு இந்த மாதிரி விஷயங்களைக் கண்டாலே எரிச்சல். "கார் நிறுத்துற எடத்துக்கு எலுமிச்சம்பழம் எதுக்கு மேஸ்திரி? என் எடத்துல இதெல்லாம் கூடாது" என்று கத்தினேன். உள்ளே என் மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அவர் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடப்பாரையை எடுத்தார்.

இரண்டடி செம்மண், அதற்குக் கீழே பாறை. செஞ்சியில் மேலே தெரிகிற பாறை கொஞ்சம்தான், மண்ணுக்கு அடியில் இருப்பதுதான் அதிகம். உளியும் சம்மட்டியும் வைத்து அவரும் இரண்டு ஆட்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தார்கள். டங் டங் என்ற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இன்னா சார், ஆள் ஒசரம் தோண்டுறியாமே? கோட்டை சரக்கு எதுனா மாட்டிச்சா?"

"காருக்குக் குழிய்யா!"

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். செஞ்சியில் யார் கக்கூஸ் தொட்டிக்குத் தோண்டினாலும் புதையல் பேச்சு வந்துவிடும். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு யோசனை ஓடியது. ஒருவேளை, சும்மா ஒரு பேச்சுக்கு, ஏதாவது இருந்தால்? முதலில் பார்ப்பவன் நானாக இருக்க மாட்டேன், அவராகத்தான் இருப்பார். சீ, என்ன புத்தி இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே போய் பிளாஸ்டிக் சேரை எடுத்துக் குழியின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. அவருடைய மஞ்சள் துணிப்பை முருங்கை மரத்தில் தொங்கும். காலையில் வரும்போது அது எவ்வளவு தொங்குகிறது, மாலையில் எவ்வளவு தொங்குகிறது என்று பார்ப்பேன். மண்ணை எந்தப் பக்கம் கொட்டுகிறார்கள், யார் குனிந்தால் நிமிர நேரமாகிறது, எல்லாம் பார்த்தேன். அவர் சும்மா தலையைச் சொறிந்தாலும் எனக்கு அதில் ஓர் அர்த்தம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த நண்பர், "இன்னாய்யா, கல்லுக்குக் காவலா?" என்று கேட்டார். வெயில் காய்கிறேன் என்றேன், சித்திரை மாதத்தில்.

மறுநாள் அமாவாசை. "மலையனூர் ஆத்தா கோயிலுக்குப் போறேன் சார், நாளைக்கு லீவு" என்றார் மேஸ்திரி. போய்விட்டு அதற்கடுத்த நாள் காலையில் வந்தார். வழக்கமாகப் பத்தரைக்குப் போகும் ஆட்களை அன்றைக்குப் பத்து மணிக்கே டீக்கு அனுப்பினார். நான் சமையலறை ஜன்னலோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் தனியாகக் குழிக்குள் இறங்கினார். மூலையில் உட்கார்ந்தார். இரண்டு முறை தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்த்தார். கை என்னமோ செய்தது. பிறகு எதையோ துண்டில் முடிந்துகொண்டு மேலே வந்து, நேராக முருங்கை மரத்துக்குப் போய்ப் பைக்குள் வைத்தார்.

மாட்டினான் என்று நினைத்தேன். ஆமாம், மனசுக்குள் அந்த நிமிடமே 'அவர்' போய் 'அவன்' வந்துவிட்டது. டிக்கெட் கிழிக்காமல் காசு வாங்கிய கண்டக்டர் இப்படித்தான் இரண்டு முறை தலையைத் தூக்குவான்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பார்த்த உடனே பிடிக்கக் கூடாது. இறங்கும் படிக்கு வரும் வரை விட வேண்டும், அப்போதுதான் மறுத்துப் பேச வழியிருக்காது. ஐந்து மணி வரை காத்திருந்தேன். மத்தியானம் என் மனைவி கொடுத்த மோரை அவர் குடிப்பதைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குக் கை கால் கழுவிக்கொண்டு, ஆட்களோடு கேட்டருகே வந்தார். நான் போய்க் குறுக்கே நின்று கையைக் காட்டினேன்.

"நில்லு மேஸ்திரி. பையத் திற."

"இன்னா சார்?"

"பையத் திறன்னேன்!"

எதிர்வீட்டு அம்மா கோலமாவு டப்பாவோடு அப்படியே நின்றார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுப் பார்த்தார். மேஸ்திரி பையைத் தரையில் வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தூக்குக் குண்டு. பூச்சுக் கரண்டி. வெற்றிலைப் பொட்டலம். சாப்பாட்டு டப்பாவின் மூடியைக்கூடத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். கடைசியில் துண்டின் முடிச்சை அவிழ்த்தார். அரை எலுமிச்சம்பழம். அதில் குங்குமம் அப்பியிருந்தது.

"மலையனூரு ஆத்தா குங்குமம் சார். பாதிப் பழத்த குழி மூலையில வெச்சிட்டேன். மீதிய முச்சந்தில போடணும். நீங்க வேணான்னு சொன்னீங்க, அதான் உங்க கண்ணுல படாம எடுத்துக்கினு போறேன்." குரல் உயரவே இல்லை. "தலைக்கு மேல அவ்ளோ பெரிய வண்டி நிக்கும். அடியில நிக்கப் போறது நீங்கதான சார்."

"நான்தான் கேட்டேன்." பின்னாலிருந்து என் மனைவியின் குரல். "மேஸ்திரி அண்ணன் மலையனூர் போறேன்னாரு. நான்தான் கொண்டாந்து வைக்கச் சொன்னேன். போதுமா உங்களுக்கு?"

மேஸ்திரி எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கோடை மழை ஒன்று கொட்டி, பாதிக் குழியில் தண்ணீர் நின்றது. வீட்டில் என்னோடு பேச ஆளில்லை. வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அம்பாசிடரை எடுத்துக்கொண்டு மலையனூர் போகும் வழியில் இருக்கும் அவர் ஊருக்குப் போனேன். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு சேரைக் கொண்டு வந்து போட்டார். நான் உட்காரவில்லை. "தப்பு பண்ணிட்டேன் மேஸ்திரி. மனசுல வெச்சிக்காதீங்க" என்றேன்.

"பரவால்ல சார்" என்றார். தழையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். "எங்க நைனா ஊர்க்காரங்க களத்துல நெல்லு தூத்தப் போவாரு. சாயந்தரம் களத்த விட்டு வரும்போது இடுப்புத் துண்ட ஒதறிக் காட்டிட்டுத்தான் வரணும். நான் சின்னப் புள்ளயில கூட நின்னு பாத்திருக்கேன். அந்தக் களத்துக்குப் போவக் கூடாதுன்னுதான் கொத்து வேலைக்கு வந்தேன். இத்தினி வருசமா யாரும் என்ன ஒதறச் சொல்லல சார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தது மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "குழிய அரைகொறையா வுடக் கூடாது. தண்ணி எறைச்சி வையுங்க, நாளைக்கு வரேன்" என்றார்.

வந்தார். பாறையைச் சீவி, பக்கச் சுவர் எழுப்பி, நூல் பிடித்த மாதிரி படி கட்டினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து மணிக்குக் கேட்டருகே வந்ததும் பையைத் தரையில் வைத்தார். தூக்குக் குண்டு, கரண்டி, வெற்றிலைப் பொட்டலம், டப்பா. "பாத்துக்கோங்க சார்." ஐயோ, வேண்டாம் மேஸ்திரி என்றேன். "இருக்கட்டும் சார்" என்றார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ஐந்து மணிக்கு முன்னாலேயே போய்க் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவர் கேட்டருகிலேயே நின்று, "சார வரச் சொல்லுங்கம்மா" என்றார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான்தான் வெளியே வர வேண்டியிருந்தது.

ஷெட் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இப்போது அங்கேதான். குழியில் நின்று வேலை பார்த்தால் முதுகு வலி தெரிவதில்லை. பலகையில் எல்லா ஸ்பேனரும் அதனதன் உருவத்தின் மேல் தொங்குகின்றன, ஒன்றும் குறையவில்லை. குழிக்குள் இறங்கும்போதெல்லாம் என் கண் அந்த மூலைக்குப் போகும். மேலே சிமென்ட் பூசியிருப்பதால் ஒன்றும் தெரியாது.

போன வாரம் கடைவீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே மேஸ்திரி, பக்கத்தில் அவர் மனைவி. பேசலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அவர் நின்றார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் மஞ்சள் பையைத் தரையில் வைத்து, இரண்டு கையாலும் அதன் வாயை விரித்துப் பிடித்தார்.

"பாத்துக்கோங்க சார்."

கத்தரிக்காயும் ஒரு கட்டு முளைக்கீரையும் இருந்தன. குனிந்து பார்த்தேன். நான் பார்க்கும் வரை அவர் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.