பேத்தி போட்ட கும்பிடு

மகன் வயிற்றுப் பேத்தி எனக்குக் கும்பிடு போடுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது அவளுக்கு ஆறாவது மாதம். தூங்கி எழுந்ததும் தலை முன்னால் சாயும். இரண்டு கையும் எழும்பி முன்னுக்கு வரும். கண் சிமிட்டும் நேரம்தான். நிமிர்வாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் குனிவாள். நான் எதிரில் உட்கார்ந்து பதிலுக்குக் கும்பிடுவேன்.

எங்கள் பக்கத்தில் நாயை விரட்டினாலும் 'போங்க சாமி' என்றுதான் விரட்டுவோம். அப்படிப்பட்ட இடத்தில் பச்சைக்குழந்தை கும்பிட்டால் பெருமை வராதா? போனில் படம் பிடித்து, சூலூரில் ஒரு காதுகுத்துப் பந்தியில் எல்லாருக்கும் காட்டினேன்.

"மாப்ள, உங்க பேத்தி எலெக்சன்ல நிக்குமாட்ட இருக்குதுங்க. இப்பவே ஓட்டுக் கேக்குது" என்றார் மச்சான் முறைக்காரர் ஒருவர். பந்தியே சிரித்தது.

மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏனுங்க மாமா, கும்பிட்டு முடிச்சா எதுக்குங்க அழுகுது? முன்னெல்லாம் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுது. இப்பச் சிரிக்கறதே இல்லீங்க."

"நீ திருப்பிக் கும்பிடலீன்னு கோவம் அம்மணி. உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்."

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவன். ஒருமுறை வாட்டசாட்டமான காளை ஒன்றுக்கு எல்லாரும் போட்டி போட்டார்கள். அது காதை ஆட்டுகிற விதம் சரியில்லை, வேண்டாம் என்றேன். வாங்கியவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் வலிப்பு வந்து விழுந்துவிட்டது. இந்தக் கதையைக் கேட்காத சொந்தக்காரர் யாருமில்லை. அதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கண்தான் பேத்தியையும் பார்த்தது.

மருமகள் என்னிடம் கேட்காமலேயே ஆர்.எஸ்.புரத்தில் குழந்தை டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள். வீண் அலைச்சல் என்று நிரூபிக்கவே நானும் கூடப் போனேன். அந்தம்மாவிடம் போனை நீட்டினேன்.

"யாரும் சொல்லிக் குடுக்கலீங்க டாக்டரம்மா. தானாவே போடுதுங்க."

அந்தம்மா ஒருமுறை பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "ஐயா, இது கும்பிடு இல்லீங்க. வலிப்புங்க."

ஸ்கேன் எடுத்தார்கள். மூளை மேலே மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டுமாம், இவளுக்கு வழவழவென்று இருக்கிறதாம். ஆட்டுத்தலை வாங்கி எத்தனை தடவை மூளை வறுத்துத் தின்றிருக்கிறேன். அந்த மடிப்பு எதற்கென்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதில்லாமல் தலை நிற்பது, உட்காருவது, விழுங்குவது எல்லாமே கஷ்டம் என்றார். அபூர்வமாக ஏதோ ஒரு குழந்தைக்குத்தான் வருமாம்.

"யாரு செஞ்ச தப்புங்க?" என்று கேட்டேன்.

"யாரும் செய்யலீங்க. வயித்துல மூளை உருவாகறப்பவே இப்படி ஆயிருது. ஆனா வலிப்பை எவ்வளவு சீக்கிரம் நிறுத்தறமோ அவ்வளவு நல்லது. இது எப்ப இருந்துங்க வருது?"

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். மருமகள்தான் சொன்னாள். அப்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை.

மருந்து தொடங்கியபின் வலிப்பு குறைந்து குறைந்து, ஒருவழியாக நின்றது. அதற்குப் பிறகு ஒருநாள் காலை பேத்தி கண் விழித்தாள். பழக்கத்தில் நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் குனியவில்லை. கை எழும்பவில்லை. சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் காத்திருந்தேன்.

மருமகள் மருந்தைக் கலக்கிக்கொண்டு வந்தாள். "என்னங்க மாமா பாக்கறீங்க? வந்துதுங்களா?"

"இல்ல கண்ணு. வரல."

"அப்பாடா" என்று குழந்தையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

வரவில்லையே என்று என் மனசு ஒரு நிமிஷம் ஏங்கியதை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? மருந்து ஊட்ட வாகாக, குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டேன்.