பக்கத்தில் மிஸ் இருக்கிறா

எங்கள் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும் பக்கத்துச் செல்லப்பிராணிக் கடைக்கும் நடுவில் சுவர் கிடையாது. பலகைதான். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே கடையாக இருந்ததாம். இந்தப் பக்கம் நான் ஆட்களைக் கதிரையில் இருத்தி, கையில் ரப்பர் பட்டியைக் கட்டி, நரம்பு தேடுவேன். அந்தப் பக்கம் லவ்பேர்ட்ஸ் கத்தும், முயல் தகரத்தைப் பிறாண்டும், பூனைக்குட்டிகள் அழும். ஊசி ஏறுகிற நேரம் பார்த்து அங்கே ஏதாவது வீறிட்டால் இங்கே இருப்பவர் கையை இழுத்துவிடுவார். அதற்காகத்தான் முதன்முதலில் அந்தக் கடைக்குச் சண்டைக்குப் போனேன், மிருகங்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல. இதைச் சொல்லிவைப்பது நல்லது. ஏனென்றால் துறைமுகத் தெருவில் இப்போது எனக்கு இரக்கக்காரி என்று பெயர் வந்துவிட்டது.

கடைக்காரர் குடாவுக்கு அந்தப் பக்கம் உள்ள கிண்ணியா ஊர் ஆள். காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தால் வருவார், பின்னேரம் தொழுகைக்கு நேரமாகுமுன் பூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நான் அவரை நானா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். முன்பு கைத்தொலைபேசி உறை விற்றவர். உறை தொங்கிய அதே கண்ணாடி அலுமாரியில்தான் இப்போது மீன்கள். உறைக்குத் தண்ணீர் மாற்றத் தேவையில்லை, காற்று வேண்டாம், பக்கத்து உறையிலிருந்து நோய் வருத்தம் தொற்றாது. இந்த வித்தியாசம் அவருக்குப் பிடிபடவே இல்லை.

அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். மனதாரத் திட்டிவிட்டு இருந்திருப்பேன். ஆனால் எங்கள் ஊரில் மாடுகள் போலத் தெருவில் திரியும் மான்களுக்கு வாழைப்பழத் தோலைச் சேர்த்துவைத்துப் போடுகிறவர் அவர். ஒரு நாள் ஒரு மான் பொலித்தீன் பையை விழுங்கப் பார்த்தபோது ஓடிப்போய், கொம்பு இடிக்கும் என்று பார்க்காமல், அதன் வாயிலிருந்து இழுத்தெடுத்தார். அதே மனிதர் கடைக்குள் பூனைக்கூண்டின் மேல் குருவிக்கூண்டை அடுக்கியிருந்தார். மேலே இருப்பதன் எச்சம் கீழே இருப்பதன் தண்ணீரில் விழும். பின்னேர வெயில் நேரே கூண்டுகளில் அடிக்கும்.

“உள்ளுக்குத் தள்ளி வையுங்கோ நானா, வெயிலில வாடுதுகள்” என்றேன்.

“உள்ளுக்கு வச்சா ஆரு மிஸ் பாக்கிற?”

நான்தான் ஒரு அரிசிச் சாக்கைக் கொண்டுபோய்க் கட்டித் தொங்கவிட்டேன். அவர் நாலு பேருக்குக் கேட்க எனக்கு நன்றி சொன்னார்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு செம்மஞ்சள் பூனைக்குட்டி. அதைக் கையில் ஏந்திக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். இரண்டு கண்ணும் பீளை பிடித்து ஒட்டிக்கிடந்தன.

“மிஸ், இது குருடாப் பிறந்திட்டோ?”

“குருடும் இல்லை, ஒண்டும் இல்லை. சளித் தடிமன் முத்திப்போச்சு. இஞ்ச தாங்கோ.”

சேலைனில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். மெல்ல ஒரு இமை பிரிந்தது. உள்ளே தெளிந்த நீலக் கண் ஒன்று இருந்து என்னைப் பார்த்தது. ஒரு கிழமை அப்படியே துடைத்துக்கொண்டு வந்தேன், குட்டி துள்ள ஆரம்பித்தது. லிங்கநகரில் இருந்து ஒரு குடும்பம் வந்து வாங்கிப்போனது. அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை குட்டியின் காலைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டியது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. நோயாளிகளுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் எது தலையைத் தொங்கப்போட்டாலும் என் மேசைக்கு வந்தது. இறகை உப்பிக்கொண்டு மூலையில் குந்தியிருக்கும் குருவி, வயிற்றோட்டம் பிடித்த பூனை, கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்ட முயல். எனக்குத் தெரிந்தது மனிதருடைய சீனியும் கொலஸ்ட்ரோலும். முயலின் கழுத்து ஏன் திருகுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

“நான் என்ன மிருக டொக்டரே? அவையிட்டக் கொண்டு போங்கோ” என்று கத்துவேன்.

“அங்க மாடும் ஆடும் வரிசையா நிக்கும் மிஸ். அது மட்டும் கடையை ஆரு பாக்கிற? நீங்க ஒருக்காத் தொட்டுப் பாருங்க, போதும்.”

தொட்டுப் பார்த்தேன். தொட்டவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின. அவர் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கடைக்குப் பின்னால் புதைப்பார். “மிஸ் தன்னால ஆனதெல்லாம் செய்தவ” என்று எனக்கே ஆறுதல் சொல்லுவார். ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

முறைப்பாடும் செய்து பார்த்தேன். ஒரு அலுவலகத்தில் எழுத்தில் கொண்டுவரச் சொன்னார்கள். எழுத்தில் கொண்டுபோனபோது அது தங்கள் பிரிவு இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில் போனை எடுத்தவர், “பூனைக்கா?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடியுமுன் நான் போனை வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் கொழும்பு வியாபாரி ஒருவர் பஸ்ஸில் அனுப்பிய அப்பிள் பெட்டி ஒன்று வந்தது. அதற்குள் பேர்சியன் கலப்புப் பூனைக்குட்டிகள், பஞ்சு உருண்டை போல. சில நாட்களிலேயே ஒன்று மாறி ஒன்று தின்றதையெல்லாம் சத்தி எடுக்கத் தொடங்கின. செத்த ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, வேலைக்கு வருமுன் நானே மிருக வைத்தியரிடம் போனேன். என் வயதுப் பெண். பையைத் திறந்து பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

“இது பூனைகளுக்கு வாற வைரஸ். தடுப்பூசி போடாத குட்டிகள் தப்புறது குறைவு. கூண்டுப் பலகையில மாதக்கணக்கில இருக்கும். அந்தக் கூண்டுகளை எரிக்கச் சொல்லுங்கோ. கொஞ்சக் காலத்துக்குப் புதுக்குட்டி ஒண்டும் எடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

அப்படியே நானாவிடம் ஒப்பித்தேன். “ஓம் மிஸ்” என்றார். அவருடைய ஓம் என்பது நான் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மட்டும்தான். கூண்டுகள் புதியவை, எரிக்க அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் நிலையத்துக் குளோரினைக் கொண்டுபோய் நானே தேய்த்துக் கழுவினேன். பலகை இடுக்குக்குள் எது போய்த் தங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தேய்த்தேன்.

அந்தப் பெட்டியில் வந்தவற்றில் மிஞ்சியது சாம்பல் நிறக் குட்டி ஒன்று மட்டும். அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. வீட்டில் எனக்கு ஒரு கிழட்டுப் பூனை இருக்கிறது, தொற்றினால் அதுவும் போய்விடும். வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் உடுப்பை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் அதன் பக்கத்திலேயே போவேன். ஆகவே பகலில் சாம்பல் குட்டி என்னுடன் கையுறைப் பெட்டிக்குள் இருக்கும், பின்னேரம் நானாவின் கடைக்குத் திரும்பிப் போகும். வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புத்தூளைக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் கடைவாயில் துளித்துளியாக விட்டேன். முதலில் விட்டதெல்லாம் வெளியே வந்தது. பிறகு கொஞ்சம் நின்றது. பிறகு அது தானாக நாக்கை நீட்டிச் சிரிஞ்சைத் தேடியது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த மனிதருடைய ரிப்போர்ட்டும் எனக்குத் தந்ததில்லை.

காலையில் நான் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தும். பலகையின் அடியில் ஒரு இடைவெளி இருக்கிறது. நானா கூண்டைத் திறந்துவிட்டிருந்தால் அந்த இடைவெளியால் ஒரு சின்னக் கை இந்தப் பக்கம் வந்து நிலத்தைத் தடவும். அதை இழந்துவிடக்கூடாது என்று நினைத்தேன். இத்தனை செத்ததற்கு இது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், நோயாளிகள் இல்லாத நேரம், பலகைக்கு அந்தப் பக்கம் நானா போனில் கதைப்பது கேட்டது.

“வருத்தமெண்டாலும் பரவாயில்ல, அனுப்புங்க. இங்க பக்கத்தில மிஸ் இருக்கிறா.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கையுறையைக் கழற்றி எறிந்தேன். எழும்பி நேரே அவர் கடைக்குப் போனேன்.

“நானா, நான் இருக்கிறன் எண்டு சொல்லி வருத்தக் குட்டிகளை எடுக்கிறீங்களோ?”

அவர் முகம் மலர்ந்தது. நானே கேட்டது அவருக்குச் சந்தோஷம்.

“ஓம் மிஸ். கொழும்பில ஆரும் எடுக்காததுகள். அங்க கிடந்தா மௌத்தாகிடும். இங்க வந்தா நீங்க பாப்பீங்க. அதுகளுக்கும் நல்லம், உங்களுக்கும் நன்மை.”

“என்ர கையில எல்லாம் செத்ததுதானே நானா! உங்கட கண்ணுக்குத் தெரியேல்லையே?”

“சாம்பல் தப்பிட்டே.”

“அது இன்னும் தப்பேல்லை. அந்தக் கூண்டுக்க போடுற எதுவும் தப்பாது. இனி நான் ஒண்டையும் தொடமாட்டன். சாம்பலையும் தொடமாட்டன்.”

“சாம்பலையுமா?” என்றார். அடி விழுந்தது போல நின்றார்.

நான் என்ன சொன்னேன் என்பது சொல்லிமுடித்த பிறகுதான் என் காதிலும் விழுந்தது. ஆனால் வேறு வழி தெரியவில்லை. ஒன்றைத் தொட்டாலும் மிஸ் இருக்கிறா என்றுதான் கணக்கு. சாம்பலுக்கு எப்படிக் கொடுப்பது என்று அவருக்குச் செய்து காட்டினேன். எவ்வளவு கரைப்பது, தலையை எப்படிப் பிடிப்பது, புரையேறாமல் எப்படி விடுவது, எல்லாம் காட்டி, சிரிஞ்சை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கடை பூட்டும் நேரம் அவர் திரும்பவும் போனில் கதைத்தார். “இப்ப அனுப்ப வேணாம். மிஸ் கோபம்” என்றார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆக, வழி இருந்திருக்கிறது. நான் தொடாமல் இருந்தால் பெட்டி வராது. அலுவலகங்களும் வைத்தியரும் என் குளோரினும் செய்யாததை அந்த ஒரு சொல் செய்துவிட்டது.

மறுநாள் காலை நான் கதவைத் திறந்ததும் சாம்பல் கத்தத் தொடங்கியது.

நான் பெயர்களைக் கூப்பிட்டேன். குழாய்களில் இலக்கம் ஒட்டினேன். அது கத்திக்கொண்டே இருந்தது. பலகையின் அடியால் அந்தக் கை வந்தது. நான் கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நேரம் போகப்போகக் கத்தும் சத்தம் மெலிந்தது, நடுநடுவே நின்றுநின்று வந்தது. நின்றபோதெல்லாம் கையில் இருந்த குழாயை வைத்துவிட்டுக் காது கொடுத்தேன். திரும்பக் கேட்டால் ஆறுதலாகவும் இருந்தது, செத்துவிடலாம் போலவும் இருந்தது.

சல்லி என்ற கரையோர ஊரில் இருந்து இரத்தத்தில் சீனி பார்க்க வந்த அம்மா ஒருவர் கையை நீட்டிக்கொண்டு இருந்தார். மீன்பிடிக் குடும்பம், உரத்த குரல்.

“பிள்ளை, அங்கால பூனைக்குட்டி பசியில கத்துது.”

“ஓம் அம்மா. கடைக்காரர் குடுப்பார்.”

“எங்க குடுக்கிறார்? நான் வந்த நேரம் துடக்கம் கத்துது. உனக்குக் கேக்கேல்லையே?”

நான் அவருடைய கையைத் தடவி நரம்பு தேடினேன். தட்டுப்பட்டது, ஆனால் ஊசியை எடுக்காமல் பலகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“எனக்குப் பிறகு ஆறுதலா எடுக்கலாம் பிள்ளை. நீ போய் என்னெண்டு பாத்திட்டு வா.”

அவருடைய பட்டியைக் கழற்றிவிட்டு எழும்பினேன்.

சாம்பல் குட்டி நானாவின் மடியில் கிடந்தது. கழுத்து ரோமம் எல்லாம் ஜீவனி வழிந்து பிசுபிசுத்தது. நானாவின் சட்டையும் நனைந்திருந்தது. அவர் அன்றைக்கு விடியவே வந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார், மற்றக் கூண்டுகளைக்கூடத் திறக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

“என்ட கையால குடிக்குதில்ல மிஸ். கீழ விட்டா அந்தப் பலகையடிக்குத்தான் ஓடுது. உங்கட கைக்குப் பழகிட்டு.”

குட்டியை வாங்கிக்கொண்டு, அவர் எழும்பிய ஸ்டூலில் உட்கார்ந்தேன். குளிர்ந்துபோயிருந்தது. நெஞ்சோடு அணைத்துச் சூடாக்கி, கடைவாயில் ஒரு துளி விட்டேன். விழுங்கவில்லை. இன்னொரு துளி விட்டேன். தொண்டை மெல்ல அசைந்தது. பிறகு நாக்கு வெளியே வந்தது, சிரிஞ்சைத் தேடியது. முன்னங்கால் இரண்டையும் என் விரலில் வைத்துப் பிடித்துக்கொண்டு குடிக்கத் தொடங்கியது.

நானா இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு போனை எடுத்து வாசலுக்குப் போனார், வெயிலில் நின்ற மானுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தார். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

“ஓம், கோபமெல்லாம் போயிட்டு. மிஸ் வந்திட்டா. நீங்க பெட்டியை அனுப்புங்க.”

எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. எழும்பிப் போய் அந்தப் போனைப் பிடுங்க வேண்டும். குட்டி குடித்துக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைக்க என்னால் முடியவில்லை.