படத்தில் குழாய் இல்லை

ரஹீமுன்னிசாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் தண்ணீர் குடிக்காததிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காலையில் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் அரை டம்ளர் டீ. அதற்குப் பிறகு பொழுது சாய்ந்து வீடு திரும்பும்வரை தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. நோன்பு மாதத்தில், உடன் வேலை பார்க்கிற ஆண்கள், "இந்த வெயில்ல எப்படித்தான் தாங்குறீங்களோ" என்று வியப்பார்கள். அவளுக்குச் சிரிப்புதான் வரும். அவள் வேலை பார்க்கும் யார்டில் பெண்களுக்கு, எந்த சாமியைக் கும்பிட்டாலும், வருஷம் முழுக்க நோன்புதானே.

எண்ணூர் சாலையோரம் இருக்கும் அந்தக் கன்டெய்னர் யார்டில் கிரேன் உண்டு, கேமரா உண்டு, மேனேஜர் அறையில் மீன்தொட்டிகூட உண்டு. பெண்களுக்குக் கழிப்பறை மட்டும் கிடையாது. அலுவலகக் கட்டிடத்தில் ஒன்று இருந்தது. அதன் கதவில் 'அதிகாரிகளுக்கு மட்டும்' என்று பலகை. அதிகாரிகள் எல்லோரும் ஆண்கள். டிரைவர்களுக்கு யார்டின் கோடியில் ஒன்று. அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. அவசரம் என்றால் சாலையைக் கடந்து பெட்ரோல் பங்குக்கு ஓட வேண்டும். டிரெய்லர்கள் முட்டிக்கொண்டு நிற்கிற அந்தச் சாலையைக் கடந்து போய், பங்குக்காரரிடம் சாவி கேட்டு நிற்பதைவிட, தண்ணீரே குடிக்காமல் இருப்பது மேல் என்று பெண்கள் முடிவு செய்து பல காலம் ஆகிறது.

ரஹீமுன்னிசா அங்கே எடைமேடை கிளார்க். லாரி ஏறி நின்றதும் எடை பார்த்து, சீட்டு அடித்துக் கொடுத்து, "நவுரு நைனா, பின்னால வண்டி நின்னுகினு கீது" என்று விரட்டுவது வேலை. அவள் வாய்க்கு பஞ்சாப் டிரைவர்களே பயப்படுவார்கள். ஆனால் மேலே இருப்பவர்களிடம் அந்த வாய் செல்லுபடியாகவில்லை. கழிப்பறை வேண்டும் என்று வருஷாவருஷம் கேட்டாள். வருஷாவருஷம் "பாக்கலாம்மா" என்றார்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒருநாள் யார்டு பெருக்குகிற குப்பம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுருண்டு விழுந்தாள். பெரியாஸ்பத்திரியில் சிறுநீரகத்தில் கல் என்றார்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"குட்ச்சிட்டு எங்க மே போறது? அந்த டாக்டரு வூட்டுக்கா?" என்று குப்பம்மா கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். ரஹீமுன்னிசாவுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. மறுநாள் காலையில் நேராக மேனேஜர் அறைக்குள் போய் மீன்தொட்டி முன்னால் நின்றாள்.

மேனேஜர் சண்முகவேல் கெட்டவர் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி: ஸ்லைடு. எதையும் திரையில் போட்டுக் காட்டினால்தான் அது உண்மை என்று நம்புகிறவர். ஆயுதபூஜைக்கு எத்தனை பூசணிக்காய் வாங்கலாம் என்பதற்கே ஸ்லைடு போட்டவர். மகளின் காதுகுத்துக்கு சொந்தக்காரர்களை உட்காரவைத்து 'நிகழ்ச்சி நிரல்' காட்டினார் என்றும் யார்டில் பேச்சு. நம்பும்படியாகத்தான் இருந்தது.

"நீங்க கேக்குறது நியாயம்தாம்மா. ஆனா மும்பை ஹெட் ஆபீஸுக்கு வாயால சொன்னா ஏறாது. ஒரு பிபிடி போட்டுக் குடுங்க."

"ஒதுங்கறதுக்கு இடம் வேணும்னு கேக்க பிபிடியா சார்?"

"படம் இருக்கணும். அம்புக்குறி இருக்கணும். கடைசியில 'நன்றி' இருக்கணும்."

சரி, கழுதைக்கு வாழ்க்கைப்பட்டால் உதை வாங்கித்தானே ஆக வேண்டும். எடைமேடை கம்ப்யூட்டரில் பவர்பாயின்ட் இருந்தது. லாரி வராத இடைவெளிகளில் உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டாள். அதில் அவளுக்குப் பிடித்தது, நெட் வேண்டாம் என்பதுதான். கப்பல் வந்த நாளில் யார்டு நெட் படுத்துக்கொண்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஆபத்து என்னவென்றால், எழுத்துகளைப் பறக்கவைக்கிற வித்தைகள் அதில் ஏராளம். இலவசமாகக் கொடுத்ததை வீணாக்கலாமா என்று ரஹீமுன்னிசா எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். 'பெண்களுக்குக் கழிப்பறை தேவை' என்ற வரியில் 'பெண்களுக்கு' இடப்பக்கமிருந்து ஓடிவந்தது, 'கழிப்பறை' சுழன்று இறங்கியது, 'தேவை' துள்ளித் துள்ளி வந்து நின்றது. அவசரத்தில் இருக்கிறவள் நிலைமை அதில் தத்ரூபமாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

சண்முகவேல் கண்கலங்காத குறை. "பிரமாதம். ஆனா மும்பையில இப்ப எல்லாரும் கூகுள் ஸ்லைட்ஸ். எல்லாரும் ஒண்ணா உக்காந்து திருத்தலாம்."

எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து திருத்தலாம் என்பதுதான் அதன் நன்மை. அதுவேதான் தீமையும். ஆசை ஆசையாய் ஆங்கிலத்தில் மறுபடி செய்து, லிங்க்கை மும்பைக்கு அனுப்பிவிட்டு ரஹீமுன்னிசா வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து திறந்தால், திரையில் முகம் தெரியாத மனிதர்கள் பெயர் பெயராக ஊர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் 'கழிப்பறை' என்பதை எடுத்துவிட்டு 'மகளிர் நலவாழ்வு வசதி' என்று மாற்றியிருந்தார். இன்னொருவர் 'மகளிர்' எதற்கு, 'அனைவரும்' என்று போடலாமே என்று குறிப்பு எழுதியிருந்தார். மூன்றாமவர் குப்பம்மா விழுந்த கதை 'மனச்சோர்வு தருகிறது' என்று அந்த ஸ்லைடையே தூக்கிவிட்டார். மத்தியானத்துக்குள் அவள் கேட்ட கழிப்பறை, ஊழியர்கள் நின்று தண்ணீர் குடிக்கும் 'புத்துணர்ச்சி மூலை'யாகிவிட்டது. கல்யாண வீட்டில் ஆளாளுக்கு வந்து உப்புப் போட்ட குழம்பு மாதிரி இருந்தது.

"தண்ணி குடிக்க எடம் குடுக்குறானுங்களாம்" என்று வீட்டில் சொன்னாள். கணவர் சௌக்கத் அலி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "நம்ம கட பையனுங்க கேன்வான்னு ஒண்ணுல பெருநாள் ஆஃபர் நோட்டீஸ் போடறானுங்க. சும்மா பளபளான்னு கீது. அதுல போட்டுப் பாரு" என்றார்.

கேன்வா நிஜமாகவே பளபளவென்றுதான் இருந்தது. கோர்ப்பவன் அழகு தெரியாதவனாக இருந்தாலும் வருவது அழகாக வரும். நெட் போனால் மட்டும் எல்லாம் போச்சு. 'எப்படி இருக்க வேண்டும்' என்ற ஸ்லைடுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. வேண்டியதை எழுத்தில் சொன்னால் அதுவே வரைந்து தரும் என்று தெரிந்து, சொல்லிப் பார்த்தாள். ரோஜா நிறச் சுவர், சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, வெள்ளைக் கழிப்பறைக் கோப்பை, ஓரத்தில் பூச்செடி என்று வந்து நின்றது. வண்ணாரப்பேட்டை மணப்பெண்ணுக்கு அறை அலங்கரித்த மாதிரி. நிறுவனத்தின் சின்னத்தைச் சுவரில் ஒட்டினாள். சண்முகவேல் அதைப் பெரிய திரையில் போட்டு, தள்ளி நின்று பார்த்தார்.

பிறகு, "அம்மா, கழிப்பறைய விடுங்க. மூணு சாஃப்ட்வேரும் உங்களுக்கு அத்துப்படி. கம்பெனி முழுக்க எதை வெச்சுக்கலாம்னு நன்மை தீமை போட்டு ஹெட் ஆபீஸுக்கு நீங்களே பேசுங்க" என்றார்.

கழிப்பறையை விடுவதாவது? ஒப்பிட்டுக் காட்ட மாதிரி வேண்டுமே. அதே கழிப்பறை ஸ்லைடுகளை மூன்றிலும் போட்டாள். மும்பைப் பெரியவர்கள் வீடியோவில் ஒருவர் விடாமல் பார்த்தார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை மூன்று தரம் படித்தார்கள். முதல் தரம் எழுத்து சிறிது என்றார்கள், இரண்டாம் தரம் நீலம் நன்றாக இருக்கிறது என்றார்கள், மூன்றாம் தரம் ரோஜாச் சுவருக்குக் கைதட்டினார்கள். கேன்வாவே இருக்கட்டும் என்று தீர்மானம் ஆனது. ரஹீமுன்னிசாவுக்குச் சான்றிதழும் பரிசும் கூரியரில் வந்தன. பரிசு, கம்பெனி பெயர் பொறித்த ஒரு பெரிய எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். 'நீர் அருந்துவோம், நலமாய் இருப்போம்' என்று அதன்மேல் ஆங்கிலத்தில் வாசகம்.

அதை அவள் எடைமேடை ஜன்னலில் காலியாக வைத்தாள்.

பாட்டில் வந்த கையோடு மும்பையிலிருந்து ஒரு மெயிலும் வந்தது. எண்ணூர் யார்டின் மகளிர் வசதி மிகவும் பெருமைக்குரியது, அதன் படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் அச்சிட்டுவிட்டோம், இயக்குநர் அனிஷா மேடம் நேரில் வந்து ரிப்பன் வெட்டுவார் என்று இருந்தது. சண்முகவேல் அதைப் படித்துவிட்டு மீன்தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அது கம்ப்யூட்டர் வரஞ்ச படம்னு சொல்லிடலாமே சார்" என்றாள் ரஹீமுன்னிசா.

"அட்டையில போட்டுட்டாங்கம்மா! இனிமே அது படம் இல்ல. நாமதான் பொய்."

அப்புறம் பார்க்க வேண்டுமே. வருஷக்கணக்கில் கிடைக்காத செங்கல் ஒரே நாளில் வந்தது, இல்லாத பட்ஜெட் முளைத்தது. கான்ட்ராக்டர் கையில் அந்த ஸ்லைடின் பிரின்ட் அவுட்டைக் கொடுத்து, அச்சு அசல் இதேபோல் வேண்டும் என்றார் சண்முகவேல். அச்சு அசல் அதேபோல் கட்டினார்கள். ரோஜாச் சுவர், பல்பு கண்ணாடி, பூச்செடி. ரஹீமுன்னிசா உள்ளே போய்க் குழாயைத் திருகினாள். காற்றுகூட வரவில்லை.

"தண்ணி லைன் எங்க?"

கான்ட்ராக்டர் பிரின்ட் அவுட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தரைக்கடியில வர்ற பைப்பு எதுவும் படத்துல இல்லியேம்மா."

சண்முகவேல் சமாதானம் சொன்னார். மேடம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகட்டும். தண்ணீர் லைன் அடுத்த வருஷ பட்ஜெட்டில் பார்க்கலாம். அதுவரை பூட்டி வைத்து, பழைய டயர் போட்டுக்கொள்ளலாம். டயர் என்று காதில் விழுந்ததும் ரஹீமுன்னிசாவுக்கு ஆத்திரம் உச்சந்தலை வரை ஏறியது. பூட்டு விழுந்தால் பிறகு எந்தக் காலத்திலும் திறக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கத்தவில்லை. கத்தியதால் இதுவரை எதுவும் கிடைத்ததில்லை.

"அந்த மேடத்துக்கு இன்னொரு பிபிடியா போடப் போற?" என்று கேட்டாள் குப்பம்மா. உடம்பு தேறி அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"இல்ல மே. வந்த விருந்தாளிக்கு இன்னா குடுப்போம்? குடிக்கத் தருவோம். நீ எளநீ சொல்லி வையி."

அனிஷா மேடம் வந்த நாள் நல்ல வெயில். விமான நிலையத்திலிருந்து கிளம்பியவர் ராயபுரம் தாண்டியதும் டிரெய்லர் வரிசையில் மாட்டி, திருவொற்றியூர் முழுக்க நகர்ந்து நகர்ந்து, மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். காரிலிருந்து இறங்கியதும் ரஹீமுன்னிசா இளநீரை நீட்டினாள். தாகத்தில் ஒரே மூச்சில் குடித்தார். "இன்னொண்ணு?" என்று இந்தியில் கேட்டாள்; பஞ்சாப் டிரைவர்களை விரட்டிப் பழகியவளுக்கு அந்த அளவு வராதா. அதுவும் உள்ளே போயிற்று. அடுத்து நன்னாரி சர்பத், எலுமிச்சை பிழிந்து. மறுத்தால் எங்கள் ஊர் மனசு கஷ்டப்படும் என்றாள். அதற்குப் பின் குப்பம்மா கையால் டீ. சண்முகவேலுக்கு உபசரிப்பைப் பார்த்துப் பூரிப்பு தாங்கவில்லை. மேடத்தை அறையில் உட்காரவைத்து, விளக்கை அணைத்துத் தன் ஸ்லைடுகளைத் தொடங்கினார். யார்டின் வரலாறு துறைமுகம் தோன்றிய காலத்திலிருந்து ஆரம்பமானது.

கிரேன்கள் வந்த கட்டத்தில் மேடம் கால் மாற்றி உட்கார்ந்தார். பாதுகாப்பு வாரம் வந்தபோது மறுபடி மாற்றினார். 'எங்கள் தொலைநோக்கு' என்ற ஸ்லைடு துள்ளித் துள்ளி வந்து நின்றபோது எழுந்தேவிட்டார்.

"மேடம், எங்க ஆபீசர்ஸ் டாய்லெட் இந்தப் பக்கம்..." என்று பதறினார் சண்முகவேல்.

அனிஷா அவரை விசித்திரமாகப் பார்த்தார். "எதைத் திறக்க வந்தேனோ அது இருக்கும்போது அங்கே எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, கிட்டத்தட்ட ஓடினார். ரிப்பனை வெட்டவில்லை, கையாலேயே விலக்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். போட்டோக்காரன் மூடிய கதவைப் படம் எடுத்தான். வெளியே எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியது. உள்ளே குழாய் திருகும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து, சின்னக் குரலில், "பானி?" என்று வந்தது.

ரஹீமுன்னிசா தயாராக நின்றிருந்தாள். எடைமேடை ஜன்னலிலிருந்து எடுத்து, கேன் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த அந்தப் பரிசு பாட்டிலைக் கதவிடுக்கில் நீட்டினாள்.

மேடம் வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. கையிலிருந்த காலி பாட்டிலின் வாசகத்தைப் படித்தார். சண்முகவேலைப் பார்க்கவில்லை, குப்பம்மாவைப் பார்த்து, நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். ரஹீமுன்னிசா அதைத் தமிழில் மாற்றிக் கேட்டாள்.

"நாங்க தண்ணியே குடிக்கறதில்லம்மா" என்றாள் குப்பம்மா. "நான் குடிக்காமத்தான் கல்லு வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன்."

ரஹீமுன்னிசா அதை அப்படியே இந்தியில் சொன்னாள். மேடம் இதை மூன்று சாஃப்ட்வேரில் ஏற்கெனவே படித்திருந்தார். இப்போதுதான் கேட்டார். பாட்டிலைக் கையில் பிடித்தபடியே சண்முகவேலை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். அன்று பொழுது சாய்வதற்குள் பிளம்பர்கள் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

தண்ணீர் வந்த மறுநாள் சண்முகவேல் எடைமேடைக்கே வந்தார். முகத்தில் பழைய ஒளி. "அம்மா, இது ஒரு வெற்றிக்கதை. ஹெட் ஆபீஸுக்கு ஒரு பிபிடி போட்டா எப்படி இருக்கும்? எதுல போடலாம், கேன்வாவா, கூகுளா?"

"போடலாம் சார். மொதல்ல லாரிய அனுப்பிட்டு வரேன்" என்றாள்.

அவர் பின்னால், கொளுத்துகிற வெயிலில், குப்பம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அந்த எவர்சில்வர் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து வழியே வழிந்து ரவிக்கை நனைந்தது. நிறுத்தவில்லை. மொத்தத்தையும் குடித்தாள்.