யாரும் ஏற்காத டிரைவர்கள்

கார் இன்சூரன்ஸ் விற்பது ஒரு தொழில். வேகமாக ஓட்டியும் குடித்துவிட்டு ஓட்டியும் கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்கு அதை விற்பது வேறு தொழில். ஐம்பதுகளில் இலங்கை மலையகத்து ஹட்டனில் எனக்கு வாய்த்தது இரண்டாவது. பழைய ஏஜென்டுகள் நல்ல டிரைவர்களை வைத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே அந்த மிச்சம் முழுக்க என் வாசலுக்கு வந்தது. ஏஜென்ட் வேலை பார்த்து அவதிப்பட்ட அன்பர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஒரே ஒரு வரி

கம்பெனி படிவத்தில் 'இதற்கு முன் பெற்ற தண்டனைகள்' என்று ஒரு கேள்வி. பதிலுக்கு ஒரே ஒரு வரி. பலர் அதில் 'இல்லை' என்று எழுதிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருந்த காசிம் நானா அந்த ரகமில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வழக்காக, எந்த வளைவில், யார் வேலியில் மோதினார் என்பது உட்பட எழுதினார். வரி நிரம்பியது, ஓரம் நிரம்பியது, தாளைத் திருப்பினார்.

"இவ்வளவு விபரம் வேணாங்க நானா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "பொய் எழுத ஏலாது தம்பி. ஆனா ஒரு வரிதானே விட்டிருக்கீங்க, என்னைப் பத்தி உங்க கம்பெனிக்கு யாரும் சொல்லவே இல்லையா?"

பாலத்தின் குற்றம்

சந்தேகமான ஆள் என்றால் அவர் ஓட்டும்போது கூடவே போய்ப் பார்த்து எழுது என்று கொழும்பு மானேஜர் உத்தரவு போட்டார். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸ் பெரிய கிளாக்கர், ஒரே பாலத்தில் இரண்டு முறை மோதி இரண்டு முறையும் அபராதம் கட்டியவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மரியாதை தெரிந்த மனிதர். யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அதனால் நான் வாயே திறக்கவில்லை. அப்படியும் பாலம் வந்த இடத்தில் ஏதோ சொல்ல என் பக்கம் திரும்பிவிட்டார்.

"கிளாக்கரய்யா, ரோடு!" என்று அலறினேன். ஒரு விரல் இடைவெளியில் தப்பினோம். வண்டியை ஓரம் கட்டி, வருத்தத்தோடு பாலத்துச் சுவரைக் காட்டினார். "நான் ரெண்டு தடவை மோதினேன், ஒத்துக்கிறேன். இது ஒரு தடவையாச்சும் ஒதுங்குச்சாங்க?"

துரையின் குதிரை

திம்புள்ளப் பக்கத்தில் தோட்டம் நடத்திய இளம் துரை ஒருவர், வேகத்தால் மூன்றாவது வழக்கில் லைசன்ஸை ஆறு மாதத்துக்குப் பறிகொடுத்தார். காரைப் பூட்டிவிட்டு, குதிரையில் தோட்டம் சுற்ற ஆரம்பித்தார். ஆறு மாதம் எனக்கு நிம்மதி என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே கணக்கப்பிள்ளையின் சைக்கிளும் ஸ்டோர் கதவும் நொறுங்கின. குதிரையைப் பராமரித்த குதிரைக்காரர் கையில் கட்டோடு என்னைத் தேடி வந்தார். "எப்படியாச்சும் துரைக்கு லைசன்ஸை வாங்கிக் குடுங்கய்யா, காருக்காவது பிரேக் இருந்துச்சு."

முன் சீட்டு

வெள்ளைச்சாமி ஹட்டன் ஸ்டேஷன் பக்கம் வாடகைக் கார் ஓட்டியவர். குடித்துவிட்டு வேகமாக ஓட்டிக் காரைத் தேயிலைச் சரிவில் இறக்கினார். யாருக்கும் அடியில்லை, ஆனால் லைசன்ஸ் ஒரு வருஷம் போனது. அந்த வருஷம் முழுக்க ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார். லைசன்ஸ் திரும்பி வந்தபோது எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. மனைவி பாக்கியத்தோடு என்னிடம் வந்தார்.

"ஒரு வருசமா அவரு சாராயத்தைத் தொடலைங்க. நம்பிக்கை இல்லாட்டி நானே முன் சீட்டுல குந்திக்கிறேன்" என்றார் பாக்கியம். அதை அப்படியே மானேஜருக்கு எழுதினேன். 'ஒரு விபத்து நடந்தாலும் உன் ஏஜென்சி போய்விடும்' என்ற எச்சரிக்கையோடு சம்மதம் வந்தது. பாக்கியம் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் மடியில் சோற்றுப் பாத்திரத்தோடு முன் சீட்டில் இருப்பார். வெள்ளைச்சாமி இருபது மைல் வேகத்தைத் தாண்டவே மாட்டார். பஸ்ஸை விட்டுவிட்டு இவர் காரில் ஏறியவர்கள், அந்த பஸ்ஸே தங்களை முந்திப் போவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள்.

அடைமழை நாளொன்றில், வெள்ளைச்சாமியின் கார் டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது, சுற்றிலும் கூட்டம் என்று பஸ் கண்டக்டர் சொன்னார். ஏஜென்சி போனால் போகட்டும், ஆளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். போய்ப் பார்த்தால் காரில் ஒரு கீறல்கூட இல்லை. பிரசவ வலி கண்ட தோட்டத்துப் பெண்ணை ஏற்றி வந்திருக்கிறார். ரோடெல்லாம் சேறு. பின்னாலிருந்து மாமியார் "சீக்கிரம்" என்று கத்த, முன்னாலிருந்து பாக்கியம் "மெதுவா" என்று கத்த, அவர் பெண்டாட்டி பேச்சைக் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு அரை மைல் இருக்கும்போது, பாக்கியத்தின் கையிலேயே ஆண் குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் குறையொன்றுமில்லை.

வெள்ளைச்சாமி படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "வேகமாப் போனப்ப போலீஸ் வந்துச்சுங்கய்யா. மெதுவாப் போனா புள்ள வந்துருச்சு."

நல்ல டிரைவர்களை வைத்துத் தொழில் செய்த ஏஜென்டுகளெல்லாம் பிற்காலத்தில் வீடு கட்டினார்கள். எனக்குச் சேர்ந்த சொத்து, எந்தக் காரில் ஏறினாலும் முதலில் கதவுப் பிடியைத் தேடும் ஒரு கை.