வானம் பார்த்த கழுத்து

முதலில் வலித்தது கழுத்து. தலையணையை மாற்றினேன், எண்ணெய் தேய்த்தேன். வலி போகவில்லை.

கோப்பாயில் எங்களுக்கு வெங்காயத் தோட்டம். தண்ணீர் இறைக்கும் மெஷின் ஓடினால் குண்டு போட விமானம் வரும் சத்தம் கேட்காது. அதனால் கணவர் தண்ணீர் கட்ட, நான் தள்ளி வேலியோரம் நின்று வானம் பார்ப்பேன். விமானம் வந்தால் துண்டை வீசுவேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவர, இருவரும் பங்கருக்குள் (பதுங்குகுழி) இறங்குவோம். "உமக்குப் பாம்புச் செவி" என்பார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

போரை நிறுத்தப் பேச்சுவார்த்தை தொடங்கியதும் விமானங்கள் நின்றன. ஊர் மூச்சுவிட்டது. நான் மட்டும் பருந்தைக் கண்டாலும் துண்டை வீசினேன். அத்தோடும் விடவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வருமோ, கிணறு வற்றுமோ, அடுப்பை அணைத்தேனோ என்று ஒன்று ஓய இன்னொன்று. நித்திரை இல்லை, நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இப்படி. எல்லோரும் பயந்து வாழ்ந்த ஊரில் இதை யார் நோய் என்பார்கள்?

மண்ணெண்ணெயில் ஓடும் மெஷினைக் கிளப்ப ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். எரிபொருள் தடைக்காலத்தில் அது கிடைப்பதே அரிது. நான் துண்டை வீசி மெஷினை நிறுத்த நிறுத்த அது தீர்ந்தது. எங்களுக்குச் சோறு போடும் பயிர், கடைசிப் பாத்திகளில் காய்ந்தது.

"இஞ்சேரும், வானத்திலை ஒண்டுமில்லை. வெங்காயம்தான் சாகுது" என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெரியாஸ்பத்திரிக்குச் சைக்கிளில் ஏற்றிப் போனார்.

"எனக்கு விசரோ (பைத்தியமோ), டொக்டர்?"

"இல்லையம்மா, இது பதகளிப்பு நோய்." (காரணம் விலகினாலும் கவலை விலகாத நோய்.) "பிளேன் போனாப் பிறகு மற்றவைக்கு நெஞ்சு அடங்குது. உங்களுக்கு அடங்கேல்லை."

குளிசை (மாத்திரை) தந்தார், அது கேட்கச் சில கிழமை (வாரம்) ஆகும் என்றார். "வானத்தைப் பாக்க வேணும்போலை வந்தா, ஒரு பாத்திக்குத் தண்ணி கட்டி முடிச்சிட்டுப் பாருங்கோ."

வேலியோரத்தை விட்டு வாய்க்காலுக்கு வந்தேன். மெஷின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. பாதிப் பாத்தியிலேயே கை துண்டைத் தேடியது. அவர் அதைத் தலையில் கட்டியிருந்தார். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பாத்தி நிறைந்தது. மண்வெட்டியால் மடையை மாற்றினேன்.

இதே நோயோடு இதை வாசிப்பவருக்குச் சொல்கிறேன்: ஒரே நாளில் சுகம் வராது. எனக்கு அது பாத்தி பாத்தியாகத்தான் திரும்பி வந்தது.

பிறகு பேச்சுவார்த்தை முறிந்தது. அன்று விமானத்தை முதலில் கண்டவர் அவர்தான். நான் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். பங்கருக்குள் என் நெஞ்சு அடித்தது, அவருக்கும் அடித்தது. விமானம் போனது. வெளியே வந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அடங்கியிருந்தது.

"மெஷினைக் கிளப்புங்கோ" என்றேன். "கடைசிப் பாத்தி கிடக்கு."