அம்மாக்கண்ணு காலேஜ் பார்த்த கதை

அம்மாக்கண்ணுவுக்குக் கை கொழுந்தில் இருக்கும், மனசு எங்கேயோ இருக்கும். மலாயா மலையில், தானா ராத்தாவுக்கு மேலே, பனி இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்பவள் முகம்கூடத் தெரியாத தேயிலைத் தோட்டம் அது. அந்தப் பனிக்குள் நின்ற இடத்திலேயே அவள் எங்கெங்கோ போய்விடுவாள். முற்றின இலையையும் சேர்த்துக் கிள்ளிப் போட்டுவிட்டு, மாடசாமி கங்காணி கூடையைக் கிளறிப் பார்த்துக் கத்தும்போதுதான் திரும்பி வருவாள்.

"ஏ புள்ள, கொழுந்து கிள்ளச் சொன்னா மாட்டுக்குத் தழை ஒடிச்சிட்டு வந்திருக்கே! எந்த ஊருக்குப் போயிருந்தே?"

சிரிப்பாளே தவிரச் சொல்ல மாட்டாள். சொன்னால் கூலிகள் குடியிருக்கும் லயமே கூடிச் சிரிக்கும். அவள் போய்வந்த ஊரில் ஒரு காலேஜ் இருந்தது.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவளுக்குக் காலேஜைப் பற்றி என்ன தெரியும்? ஞானசுந்தரம் வாத்தியார் சும்மா இருக்கமாட்டாமல், "உன் கையெழுத்துக்கு நீ டீச்சராவே ஆகலாம்" என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம் கட்டினாள். அதற்கு அகலமான படிகள் வைத்தாள். சுவருக்குச் சுவர் ஜன்னல் வைத்து, ஒரு ஜன்னலில் நுழைந்த பனி இன்னொரு ஜன்னலில் வெளியே போகும்படி செய்தாள். வெள்ளைச் சீலை கட்டிய பெண்கள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. வாசலில் ஒரு குளம் வெட்டித் தாமரையும் விட்டாள். கனவுதானே, காசா பணமா!

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ராவோடு ராவாக ஓடிப்போனார். தேயிலைச் செடியில் பாதியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாகிப் போனது, உடுத்தக் கோணிச்சாக்கு என்றானது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது பாருங்கள், அப்போதுதான் லயத்தில் அடுப்பெரியாமல் போனது.

அம்மாக்கண்ணு வீட்டில் இருந்ததே இரண்டு பேர், அவளும் அவள் அப்பா இருளப்பனும். அம்மா காய்ச்சலில் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது, இருளப்பன் முன்னே போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். மாதக் கடைசியில் லோரி வரும் என்றார்கள்.

"மூணு மாசந்தானாம் ஆத்தா. போயிட்டு வந்துருவேன்லா."

பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூன்று மாதம் என்று போனவர்களைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரியும் என்பதை மற்றவர் அறியாததுபோல இருவரும் கஞ்சி குடித்தார்கள்.

இருளப்பனுக்குத் தன்னைப் பற்றிய கவலை இல்லை. வயசுப் பெண்ணைப் பட்டாள லோரி போகவர இருக்கும் ரோட்டோர லயத்தில் தன்னந்தனியாக எப்படி விட்டுப் போவது? அது அவரை உட்காரவிடவில்லை, நிற்கவிடவில்லை. ஞானசுந்தரம் வாத்தியாரிடம் போய் நின்றார். ஈப்போவில் இரண்டு இடத்தில் டீச்சர் படிப்புக்குப் பெண்களையும் எடுக்கிறார்கள், தங்க இடமும் தருகிறார்கள் என்றார் வாத்தியார். ஒன்று டவுனுக்குள்ளே, பெரியது. இன்னொன்று டவுனுக்கு வெளியே, ஈயம் தோண்டின குட்டைகளுக்குப் பக்கத்தில், சின்னது. போய்வர ஒரே ஒரு தடவைக்குத்தான் பாஸ் கிடைக்கும். இரண்டையும் பார்த்துவிட்டு, ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்து அப்படியே அவளை விட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

காலேஜ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாக்கண்ணுவின் நெஞ்சு துள்ளியது. துள்ளிய மறுகணமே, அப்பன் சாகப் போகிறான், நீ குதிக்கிறாயா என்று தன்மேலேயே அருவருப்பாக வந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள்.

தோட்டத்து ஜனங்கள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் சட்டென்று மூட்டை கட்டிவிட மாட்டார்கள். முதலில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். சொந்தக்காரரைப் பார்க்க வந்ததுபோலப் பேசிக்கொண்டே தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார், கக்கூஸை எட்டிப் பார்ப்பார், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பார், யார் வீட்டிலாவது ஒரு வேளை சாப்பிடுவார். இருளப்பன் அந்த வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். காலேஜையும் அவர் அப்படித்தான் பார்க்கக் கிளம்பினார். வேறு எப்படிப் பார்ப்பது என்று அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

கோலா தெர்லாவிலிருந்து கோசு ஏற்றி வந்த லோரியில் இருவரும் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டார்கள். எண்ணெய்க்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடுகிற லோரி, இருமி இருமி இறங்கியது. ரிங்லெட் தாண்டியதும் பனி மெலிந்தது. காட்டு மரங்களின் உச்சி ஒவ்வொன்றாக வெளியே வந்து, லோரியோடு கொஞ்ச தூரம் மிதந்துவிட்டு, பின்னால் போய் மறைந்தது. எங்கோ அருவிச் சத்தம் கேட்டது, அருவி கண்ணில் படவில்லை. அம்மாக்கண்ணுவுக்கு லோரி நிற்கிறது, மலைதான் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. அப்படியே சயாமும் எங்கோ மேலே போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவின் தோளில் சாய்ந்தவள், தாப்பாவில் ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து கும்பிடு போட அவர் எழுப்பியபோதுதான் கண்ணைத் திறந்தாள்.

ஈப்போ டவுனுக்குள் இருந்த பெரிய காலேஜைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. வெள்ளைக் கட்டடம்! அகலமான படிகள்! ஜன்னல், ஜன்னல், ஜன்னல்! பெண்கள் வரிசையாக நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். குளம் ஒன்றுதான் இல்லை, அதை விட்டுத் தள்ளுங்கள். நான் கட்டினதை யாரோ இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

இருளப்பன் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, தண்ணி பைப்புங்களா, கெணறுங்களா?"

"பைப்பு."

"கக்கூசு?"

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள் அம்மாக்கண்ணு. "அப்பா! போதும்ப்பா, மானம் போகுது."

கிராணி நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கக்கூஸ் இருந்தது. வாரத்தில் சில நாள் அரிசிச் சோறும் இருந்தது. இருளப்பன் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியாக ஒன்று கேட்டார்.

"புள்ளைக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சுன்னா, ஐயா?"

"வீட்டுக்கு அனுப்பிடுவோம். அதுதான் சட்டம். குணமானதும் திரும்ப வரலாம்."

இருளப்பன் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா ஆத்தா, அடுத்ததையும் பாத்துரலாம்."

"ஏன்ப்பா? இதுக்கு என்ன கொறை? எல்லாம் இருக்கே!"

"இருக்கு. வா."

அம்மாக்கண்ணுவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வழியெல்லாம் உம்மென்று வந்தாள். ஈயக் குட்டைகள் வெயிலில் பச்சையாகக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு தூங்குவதுபோல நின்றன. கோபத்திலும் அவளுக்கு அது பிடித்திருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

சின்னக் காலேஜைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. காலேஜாம் காலேஜ்! யாரோ வியாபாரி விட்டுவிட்டு ஓடின பழைய பங்களா. கூரையில் பாதிக்கு ஓடு, மீதிக்கு அத்தாப்பு ஓலை. பின்பக்கம் நாலைந்து பேர் மண்வெட்டியோடு மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். கூலிக்காரர்கள் என்று நினைத்தாள், அவர்கள்தான் மாணவர்களாம். கதவு ஒன்றைக் கழற்றிக் கரி பூசிக் கரும்பலகை ஆக்கியிருந்தார்கள். ஒட்டுப்போட்ட கால்சட்டையில் மண்ணும் கையுமாக வந்து நின்றவர் ஹரோல்ட் மாஸ்டர். ஜப்பான் பாஷையும் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டு, எப்படியோ இடத்தை மூடவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தார். நமக்கு மலையிலே மண்வெட்டி இல்லையென்றா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அம்மாக்கண்ணு பொருமினாள்.

"நீங்கதான் இங்க கங்காணிங்களா?" என்றார் இருளப்பன்.

"அப்பா!"

"ஆமா, அப்படியும் வச்சுக்கலாம்" என்று மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் துரு வாடை அடித்தது. கக்கூஸ் ஓலைத் தட்டிதான். மாஸ்டரின் மனைவி தெரசம்மாள் மரவள்ளிக் கிழங்கும் உப்பில்லாத கீரையும் போட்டாள். "உப்பு கெடைக்கலண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றாள். பெண்கள் எல்லோரும் அவளோடு ஒரே அறையில் படுத்துக்கொள்கிறார்கள் என்றாள். இருளப்பன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மாஸ்டரிடம் போனார்.

"இங்க யாராச்சும் செத்திருக்காங்களா, மாஸ்டர்?"

அம்மாக்கண்ணு முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். பேச்சுவாக்கில் அப்படியே இடுகாட்டுப் பக்கம் நடந்துவிட்டு வருவார்கள்.

மாஸ்டரின் சிரிப்பு நின்றது. மறைத்திருக்கலாம், பிள்ளை சேர்க்க வந்தவரிடம் யார் இதைச் சொல்வார்கள்? அவர் மறைக்கவில்லை. "ஒருத்தன். நாகப்பன்னு பேரு. மலேரியா. மருந்து கெடைக்கல, எங்கெல்லாமோ அலைஞ்சேன். அவனுக்கு யாரும் இல்ல, அதனால இங்கயே..." என்று கையைக் காட்டினார்.

மரவள்ளிக்கு அந்தப் பக்கம், குட்டைக் கரையில் இருந்தது அந்த இடம். ஒரு புல் இல்லாமல் செதுக்கி, சுற்றிலும் வெள்ளைக் கல் பதித்திருந்தார்கள். பலகையில் அழுத்தமாக அவன் பெயர் எழுதியிருந்தது. எழுத்து மழையில் மங்காதபடி யாரோ மறுபடி மறுபடி தார் தொட்டு எழுதியிருந்தார்கள். யாரும் இல்லாத ஒருவனுக்கு யாரோ இவ்வளவு செய்திருந்தார்கள். இருளப்பன் குந்தி உட்கார்ந்து அந்த மண்ணை உள்ளங்கையால் தடவினார். குட்டையிலிருந்து காற்று வந்தது. குன்றுகளின் நிழல் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"இங்கயே பேரு குடுத்துரு ஆத்தா."

"எதுக்குப்பா? அங்க பைப்புத் தண்ணி, சோறு, நல்ல கட்டடம்..."

"அங்க சீக்கு வந்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம். ஒனக்கு ஏது ஆத்தா இனிமே வீடு?"

அவள் கட்டின வெள்ளைக் கட்டடம், படிகள், ஜன்னல்கள் எல்லாம் ஒரு வார்த்தையில் கலைந்து போயின. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அவர் தண்ணீரையும் கக்கூஸையும் கேட்டதெல்லாம், தான் இல்லாத நாட்களில் அவள் நடமாடப் போகிற இடத்தைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளத்தான் என்று. பக்கத்தில் குந்தி அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நான் வரலேன்னா, இந்தப் பையனுக்குப் பக்கத்துல ஒரு பலகை நட்டு எம் பேரை எழுதிரு. அங்கெல்லாம் யாரு எழுதப் போறா? எடம் நல்லாருக்கு, காத்து வருது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மாஸ்டரிடம் போய்ப் பேர் கொடுத்தாள்.

மாதக் கடைசியில் லோரி வந்தது, இருளப்பன் ஏறிப் போனார். அம்மாக்கண்ணு அந்த ஓலைக் கூரையின் கீழ் படித்தாள், காய்ச்சலில் விழுந்தாள், தெரசம்மாள் மடியில் கிடந்து எழுந்தாள். சண்டை முடிந்தது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். அவர்களில் அப்பா இல்லை. எங்கே, எப்படி என்று சொல்லவும் ஆள் இல்லை. அவள் அங்கேயே அம்மாக்கண்ணு டீச்சராக நின்றுவிட்டாள்.

அப்பா கேட்டுப்போனதை அவள் சொல்லித் தெரிந்திருந்த ஹரோல்ட் மாஸ்டர், ஒருநாள் நல்ல செங்காலி மரப் பலகை ஒன்றை இழைத்துக் கொண்டுவந்தார். தாரும் தூரிகையும் கொண்டுவந்திருந்தார். நாகப்பனுக்குப் பக்கத்தில் அவள் எப்போதோ புல் செதுக்கி, வெள்ளைக் கல் பதித்து வைத்திருந்தாள்.

"எழுதும்மா, உன் கையெழுத்துல" என்றார்.

அம்மாக்கண்ணு பலகையை வாங்கினாள். அதைக் கல்லுக்கு மேல் படுக்கவைத்து, உட்கார்ந்தால் ஆடாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

"எழுத வேணாம் மாஸ்டர். அப்பாவுக்கு இந்த எடம் புடிச்சிருந்துச்சு. வந்தா உக்காரட்டும்."